ஏதோ பூஞ்சை

'ஏதோ' என்றொரு சொல் இருக்கிறது நம்மிடம். ஏதோ செடி, ஏதோ பறவை, ஏதோ காய்ச்சல், ஏதோ மருந்து. தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சம். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் வழியில்லை. இரண்டுக்கும் நடுவே திண்ணை போட்டு உட்கார்ந்துகொள்ள வாகாக ஒரு சொல். அந்தத் திண்ணையில் ஏகப்பட்ட உயிர்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அவற்றில் மிகவும் ஏளனப்பட்டுப்போன ஒரு கூட்டத்துக்காக இந்த வாரம் வக்காலத்து வாங்கப் போகிறேன். ஏதோ பூஞ்சை!

நாஞ்சில் நாட்டுக்கு இரண்டு மழை. ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. தடிக்காரன்கோணம் தாண்டி கீரிப்பாறை, காளிகேசம் பக்கமோ, குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை பக்கமோ மழை ஓய்ந்த மறுநாள் போய்ப் பாருங்கள். அருவி பார்க்க அல்ல, அது ஓடிப்போகாது. வழியில் விழுந்து கிடக்கும் காய்ந்த கொப்பு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பட்டையின் மேல் கடுகளவில், உளுந்தளவில், மிளகளவில் சின்னச் சின்னக் கிண்ணங்கள் ஒட்டியிருக்கும். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். சிலவற்றுக்கு விளிம்பில் பூனை மீசை போல ரோமம். சிலவற்றுக்குக் குட்டித் தண்டு. பெரிய வகையென்றால் குக்கைனா. ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக, சின்னப் பிள்ளைகள் வைத்து விளையாடும் செப்புச் சாமான் போல நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மட்கும் கட்டைகளில் இருப்பது.

இவற்றைக் கிண்ணப் பூஞ்சைகள் என்று சொல்லலாம். அந்தக் கிண்ணத்தின் உட்பரப்பில், ஊதுவத்தி அடுக்கியது போலக் கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் பைகள் செங்குத்தாக நிற்கின்றன. ஒவ்வொரு பைக்குள்ளும் வழக்கமாக எட்டு வித்துகள். நேரம் வரும்போது பையின் நுனி திறந்து வித்துகள் பீச்சியடிக்கப்படும். சில வகைகளில் கிண்ணத்தின் மேல் லேசாக ஊதினால் போதும், புகை கிளம்புவது போல வித்துத்தூள் எழும்புவது கண்ணுக்கே தெரியும். தீபாவளிக்குப் புஸ்வாணம் வாங்குகிறவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டிய காட்சி.

'சரி வே, அழகாத்தான் இருக்கு. அதுக்கு என்ன இப்பம்?' என்கிறீர்களா? அழகு கிடக்கட்டும், விவகாரத்துக்கு வருவோம்.

நம் மாவட்டத்தில் ஒரு ரப்பர் தோட்டக்காரர் உரக்கடைக்குப் போகிறார். நடக்கும் பேச்சு ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, ரப்பர் கொப்பு உணங்குது. காஞ்ச கம்புல மஞ்சளா, பொட்டு மாதிரி என்னவோ முளைச்சிருக்கு."

"அது ஃபங்கஸாக்கும். இந்தப் பொடியக் கலக்கி அடியும், சரியாயிரும்."

"என்ன ஃபங்கஸு?"

"என்னவோ ஃபங்கஸு. பேரு தெரிஞ்சு என்ன செய்யப் போறீரு? கல்யாணக் கடிதாசியா அடிக்கப் போறீரு?"

கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஆனால் இந்த உரையாடலில் ஒரு கொலை வழக்கே குழம்பிப்போகிறது என்பதைக் கவனியுங்கள். காய்ந்த கம்பில் இருக்கும் மஞ்சள் கிண்ணம் பெரும்பாலும் குற்றவாளி அல்ல. செத்த மரத்தைத் தின்று மண்ணாக்குவது அதன் தொழில். இழவு வீட்டுக்கு அடியந்திரச் சாப்பாடு சாப்பிட வந்த விருந்தாளி. கொன்றவன் வேறு எவனோ. ரப்பரில் மழைக் காலத்தில் கொப்புகளைக் கொல்வதில் பேர்போனது இளஞ்சிவப்பு நோய். அதுவும் பூஞ்சைதான், ஆனால் கிண்ணச் சாதி அல்ல. கொப்பு பிரியும் கவட்டையில் சிலந்தி வலை போலப் படரும். பால் கசிந்து வழியும். பிறகு ரோஸ் நிறத்தில் பொருக்குக் கட்டும். அதற்கு மேலுள்ள பகுதி காய்ந்துபோகும். கவட்டையைச் சுரண்டி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த போர்டோ பசையைக் காலாகாலத்தில் பூசினால் மரம் பிழைக்கும். நம் ஆளோ கொலைகாரனை விட்டுவிட்டு, பந்தியில் உட்கார்ந்திருந்த விருந்தாளியின் தலையில் மருந்தடித்துக்கொண்டிருக்கிறார். காசும் போயிற்று, மரமும் போயிற்று. இதுதான் 'ஏதோ'வின் விலை.

இது ஏதோ நம் பட்டிக்காட்டில் மட்டும் நடக்கும் கூத்து என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளைக்காரனும் இதே குழியில் விழுந்தான். அந்தக் கதை நமக்குப் பாடம்.

ஐரோப்பாவில் ஆஷ் என்றொரு மரம். கிரிக்கெட் ஸ்டம்பு செய்கிறார்களே, அந்த மரம். 1990களின் தொடக்கத்தில் போலந்தில் அது நுனியிலிருந்து காய ஆரம்பித்தது. பிறகு நாடு நாடாகக் காய்ந்தது. 2006-இல் கொவால்ஸ்கி என்னும் போலந்து ஆய்வாளர் காரணமான பூஞ்சையைக் கண்டு பெயர் வைத்தார். 2009-இல், அது உதிர்ந்த இலைக்காம்பில் முளைக்கும் ஒரு வெள்ளைக் கிண்ணப் பூஞ்சையின் மறு உருவம் என்று தெரிந்தது. சில மில்லிமீட்டர் அகலமுள்ள கிண்ணம். பார்க்க ஹைமனோஸ்கைஃபஸ் ஆல்பிடஸ் போலவே இருந்தது. ஆல்பிடஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பாவில் தெரிந்த ஒன்று. உதிர்ந்த காம்பைத் தின்று பிழைக்கும் பரம சாது. 'ஓ, நம்ம ஆல்பிடஸ்தானா!' என்று முடிவுகட்டினார்கள்.

விளைவு என்ன தெரியுமா? அதே 2009-இல் பிரிட்டனின் நாற்று வியாபாரிகள் சங்கம், வெளிநாட்டு ஆஷ் கன்றுகளை நிறுத்துங்கள் என்று அரசிடம் முறையிட்டது. கிடைத்த பதில், அந்தப் பூஞ்சை ஏற்கெனவே இங்கே இருப்பதுதானே, எந்தச் சட்டத்தைக் காட்டித் தடுப்பது என்பது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மரபணுவைப் பார்த்தவர்கள் குட்டை உடைத்தார்கள். சாது வேறு, கொலைகாரன் வேறு. இரண்டு கிண்ணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. நுண்ணோக்கியில், வித்துப் பையின் அடியில் ஒரு சின்னக் கொக்கி வளைவு இருக்கிறதா இல்லையா என்பதில் இருக்கிறது வித்தியாசம். கொலைகாரனின் சொந்த ஊர் கிழக்காசியா. ஜப்பானில் 1993-இலேயே வேறொரு பெயரில் பதிவாகி, யார் கண்ணையும் உறுத்தாமல் காகிதத்தில் தூங்கியிருக்கிறது. அங்குள்ள ஆஷ் மரங்களோடு அது சண்டை சச்சரவில்லாமல் குடித்தனம் நடத்துகிறது. ஐரோப்பிய மரங்களுக்கு அதை எதிர்க்கத் தெரியவில்லை. 2012-இல் பிரிட்டனில் நோய் கண்டுபிடிக்கப்பட்டு, அக்டோபர் மாதம் இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். குதிரை ஓடிப்போன பிறகு லாயத்துக்குப் பூட்டு. அந்நாட்டு ஆஷ் மரங்களில் நூற்றுக்கு எண்பது வரை அழியக்கூடும் என்று இன்று சொல்கிறார்கள். 2014-இல்தான் அதற்கு இன்றைய பெயர் நிலைத்தது, ஹைமனோஸ்கைஃபஸ் ஃப்ராக்ஸினியஸ். ஒரு தப்பான பெயர், மூன்று வருஷம் வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தது. இப்போது சொல்லுங்கள், பேரு தெரிஞ்சு என்ன செய்யப் போறீரு?

நம் ரத்தத்திலேயே இப்படி ஒரு கதை உண்டு. இலங்கையின் காப்பித் தோட்டங்கள். தமிழ் மாவட்டங்களிலிருந்து பஞ்சம் பிழைக்க நடந்தும் கடல் தாண்டியும் போன சனம் காடு திருத்திப் போட்ட தோட்டங்கள். 1869-இல் காப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத் துரு. பேராதனைத் தோட்டத்தின் த்வெயிட்ஸ், இலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி என்ற பாதிரியார் நுண்ணோக்கியில் பார்த்து, புதிய பூஞ்சை என்று அதே ஆண்டு பெயர் சொன்னார். ஆனால் அது எப்படிப் பரவுகிறது என்று முறையாக ஆராய மார்ஷல் வார்டு அனுப்பப்பட்டது 1880-இல். அதற்குள் காரியம் கைமீறிப்போயிற்று. காப்பி அழிந்தது. 1884-இல் ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன் திவாலானதற்கு அந்தக் காப்பி நஷ்டமும் ஒரு காரணம். மலை முழுக்கத் தேயிலை ஏறியது. எத்தனை ஆயிரம் தமிழ்க் குடும்பங்களின் தலையெழுத்தை ஒரு துருப் பூஞ்சை மாற்றி எழுதியது என்பதை எந்தக் கணக்கப்பிள்ளை எழுதி வைத்தான்?

சரி, பழங்கதை போதும். இன்றைக்கு வருவோம். கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளில் அடுப்பெரிவது பெருமளவு ரப்பர் பாலில். அந்த ரப்பர் மரத்தின் பூர்வீகம் பிரேசில். 1876-இல் விக்ஹாம் அங்கிருந்து கொண்டுபோன ஏறத்தாழ 70,000 விதைகளில் முளைத்த சிறு கூட்டத்தின் வாரிசுகள்தான் ஆசியத் தோட்டங்களில் பெரும்பாலானவை. எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், ஒருவனைப் பிடிக்கும் நோய் எல்லாரையும் பிடிக்கும். பிரேசிலில் இதே ரப்பருக்கு ஓர் இலைக்கருகல் பூஞ்சை இருக்கிறது. உலகத்தையே காரில் ஏற்றிய ஹென்றி ஃபோர்டு, 1928-இல் அமேசான் காட்டில் ஃபோர்டுலாண்டியா என்று ஊரே கட்டி ரப்பர் வைத்தார். அந்த இலைக்கருகல் தோட்டத்தைச் சூறையாடியது. 1945-இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். அந்தப் பூஞ்சை இதுவரை ஆசியாவுக்குள் வரவில்லை.

என்றைக்காவது அது கப்பலிலோ விமானத்திலோ யார் செருப்பிலாவதோ ஒட்டிக்கொண்டு வந்தால், முதலில் பார்க்கப் போவது டெல்லி விஞ்ஞானியா? இல்லை. விடியற்காலையில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகும் தொழிலாளி. அவர் முதலாளியிடம் சொல்வார். முதலாளி கடைக்குப் போவார். கடையில் என்ன சொல்வார்கள்? 'ஏதோ ஃபங்கஸ்.' அந்த ஒரு வார்த்தையில் எத்தனை மாதம் வீணாகும்? ஆஷ் மரத்துக்கு மூன்று வருஷம் வீணானது போல இங்கே வீணானால், நம்மால் தாங்க முடியுமா?

மனிதனுக்கு வந்தபோதும் இதே கதைதான். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது 'கறுப்புப் பூஞ்சை' என்று ஊரே நடுங்கியது. தமிழக அரசு அந்த மே மாதத்தில் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அந்தப் பூஞ்சை கறுப்பே அல்ல. கறுத்தது செத்துப்போன சதை. கறுப்புப் பூஞ்சை என்று அறிவியலில் சொல்லப்படுவது வேறொரு கூட்டம். பிறகு வெள்ளைப் பூஞ்சை, மஞ்சள் பூஞ்சை என்று தொலைக்காட்சிகள் வண்ணப்பொடிக் கடையே திறந்தன. சிரிக்கக்கூடிய விஷயம் இல்லை இது. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைக்கு வேலை செய்யும் வோரிகோனசோல், இந்த மியூக்கர் வகைக்கு வேலை செய்யாது. ஆம்போடெரிசின் வேண்டும். பெயர் மாறினால் மருந்து மாறுகிறது. மருந்து மாறினால் உயிர் போகிறது.

'இப்போதான் ஃபோன்ல படம் எடுத்தா பேரு வந்திருதே' என்று ஒரு கூட்டம் கிளம்பும். வரும், வராமல் என்ன? சிவப்புக் கிண்ணத்தைக் காட்டினால், ஐரோப்பியக் காட்டின் ஒரு சிவப்புக் கிண்ணத்தின் பெயரைத் தூக்கிப் போடும். அதனிடம் இருக்கும் படங்களில் கணிசமானவை அந்த ஊர்ப் படங்கள். முகஜாடை பார்த்துச் சொல்வதற்குப் பெயர் அடையாளம் காண்பது அல்ல. ஆல்பிடஸும் ஃப்ராக்ஸினியஸும் எந்த ஃபோனுக்கும் ஒரே முகம்தான். ஃபோன் சொல்வதை ஒரு துப்பாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல.

அப்படியானால் எப்படித்தான் அடையாளம் காண்பது? ரகசியம் ஒன்றுமில்லை. முதல் கேள்வி, கிண்ணம் எதில் முளைத்திருக்கிறது? அயனியா, புன்னையா, தேக்கா, ரப்பரா? மரத்தின் பெயர் தெரிந்தால் பாதி விடை கிடைத்தது. பட்டையின் மேலா, பட்டை உரிந்த கட்டையிலா? உயிருள்ள கொப்பா, செத்த கொப்பா? பிறகு நிறம், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ரோமம் உண்டா? தண்டு உண்டா? தொட்டால் மெழுகு போலவா, நுங்கு போல வழுவழுப்பா? பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும் இதுவரைக்கும். அதன் பிறகு நுண்ணோக்கி. ஊசிமுனை அளவு பிய்த்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் நசுக்கிப் பார்த்தால் பைகள் தெரியும். நுனியில் மூடி போட்ட பையா, துளையுள்ள பையா? அயோடின் கரைசலை விட்டால் பையின் நுனி நீலமாகிறதா? வித்துகளின் நீளம் அகலம் எவ்வளவு? இவ்வளவையும் குறித்துக்கொண்டால்தான் பெயரை நோக்கி நடக்கவே முடியும். தின்னலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியோடு காளானைப் பார்க்கிறவர்கள் ஆஸ்பத்திரியில் வந்து நிற்கிறார்கள்.

இந்த நுண்ணோக்கி எங்கே இருக்கிறது? நம் மாவட்டத்துக் கல்லூரிகளின் தாவரவியல் துறைகளில் அலமாரி அலமாரியாக இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது? மாணவன் ரெக்கார்டு நோட்டில் பெசைசா என்று ஒரு படம் வரைகிறான். பெசைசா என்றால் என்ன? கிண்ணப் பூஞ்சை! விலைக்கு வாங்கிய சிலைடைப் பார்த்து, அழகாகப் பென்சிலில் நிழல் போட்டு, பாகங்களைக் குறித்து, கையெழுத்து வாங்கிப் பத்து மார்க்கும் வாங்கிவிடுகிறான். கல்லூரிக்குப் பின்னால் விழுந்து கிடக்கும் கொன்றைக் கம்பில் அதன் ஒன்றுவிட்ட தம்பி மழையில் நனைந்துகொண்டிருப்பது வாத்தியாருக்கும் தெரியாது, மாணவனுக்கும் தெரியாது. இதற்குப் பெயர் கல்வியா? ஜாதகத்தைப் பார்த்தே குடும்பம் நடத்துவது போலல்லவா இருக்கிறது?

நம்மிடம் ஆளே இல்லாமல் போகவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி.எஸ். சதாசிவன், சி.வி. சுப்பிரமணியன் போன்றவர்கள் பூஞ்சையியலில் உலகம் திரும்பிப் பார்க்கும்படி வேலை செய்தார்கள். சுப்பிரமணியனுக்கு 1965-இல் பட்நாகர் விருது கிடைத்தது. அவர் 2016-இல் காலமானபோது எத்தனை தமிழ் வீடுகளுக்கு அந்தப் பெயர் தெரியும்? ஒரு துணை நடிகர் காலமானால் சிறப்பு மலர் போடுகிறோம். நம் நாட்டுப் பூஞ்சை மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் பழைய காப்பகம் 1905-இல் பீகாரின் பூசாவில் தொடங்கி, 1934 பூகம்பத்துக்குப் பிறகு ஆராய்ச்சி நிலையத்தோடு டெல்லிக்குப் போயிற்று. அங்கே நம் அசம்பு மலைக் கிண்ணங்களுக்கும் இடம் இருக்கிறது. கொண்டுபோய் வைக்கத்தான் ஆள் வேண்டும். வகைப்பாடு படித்தால் வேலை கிடைக்காது என்று பிள்ளைகளைத் திருப்பிவிட்டோம். திருப்பிவிட்டவர்கள் வேறு யாருமில்லை, நீங்களும் நானும்தான்.

'சோத்துக்கே ததிங்கிணத்தோம், இதுல பூஞ்சைக்குப் பேரு வைக்கணுமாக்கும்?' இதுதான் கடைசி அம்பு. நியாயமான கேள்வி போலத் தோன்றும். உரக்கடையில் இன்று விற்கும் அசாக்ஸிஸ்ட்ரோபின் என்ற பூஞ்சைக்கொல்லி எங்கிருந்து வந்தது? கீழே விழுந்த பைன் காயில் முளைக்கும் ஒரு சின்னக் காளானிடமிருந்து. 1977-இல் ஜெர்மானியர்கள் அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளை முன்மாதிரியாக வைத்துச் செய்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் காஸ்போஃபங்கின்? ஸ்பெயினில் லொஸோயா நதிக்கரையில் கிடைத்த ஒரு பூஞ்சையிடமிருந்து. அது நம் கிண்ணங்களின் நெருங்கிய சொந்தம், ஹெலோஷியேல்ஸ் என்ற அதே வரிசை. 2001-இல் மருந்தாக அனுமதி பெற்றது. அந்த ஊர்க்காரன் காயையும் ஆற்றையும் கிளறிப் பார்த்தான். நாம் கீரிப்பாறைக்குப் பிரியாணிப் பொட்டலத்தோடு போய், பொட்டலத்தைப் போட்டுவிட்டு வருகிறோம். சோற்றுக்கு வழி கேட்பவன்தான் முதலில் இதைப் படிக்க வேண்டும்.

உலகத்தில் இதுவரை பெயர் வைத்த பூஞ்சை இனங்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். இருப்பவை 22 லட்சத்திலிருந்து 38 லட்சம் வரை என்று 2017-இல் ஒரு மதிப்பீடு. நூற்றில் ஏழுக்குக்கூடப் பெயரில்லை. சிலி நாடு 2010-இலேயே பூஞ்சைகளைச் சுற்றுச்சூழல் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2021-இல், தாவரம் விலங்கு என்று சொல்லும் இடத்திலெல்லாம் இனிப் பூஞ்சையையும் சேர்த்துச் சொல்வோம் என்றது உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம். நாம் பறவைக்குத் தமிழில் கையேடு எழுதிவிட்டோம், க. ரத்னம் எழுதினார். பூஞ்சைக்குக் கையேடு கேட்டுப் புத்தகக் கடையில் நின்று பாருங்கள், காளான் வளர்ப்பில் லட்சாதிபதியாவது எப்படி என்ற புத்தகத்தை எடுத்து நீட்டுவார்கள்.

இத்தனைக்கும் ஆம்பி என்று சங்க காலத்திலேயே பெயர் வைத்துப் பழகிய மொழி இது. அடுப்பில் உலை வைத்து நாளாகி அதில் ஆம்பி முளைத்துவிட்டது என்று பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் முறையிடும் பாட்டு புறநானூற்றில் உண்டு. பசியின் உச்சத்திலும் அந்தப் புலவனுக்கு அடுப்பில் முளைத்தது 'ஏதோ' அல்ல. அதைக் கண்ணால் பார்த்தான், பெயர் தெரிந்தது, சொன்னான். வயிறு நிறைந்த நமக்கு வாயில் ஒரு சொல் வரவில்லை.

பெரிய திட்டமெல்லாம் கேட்கவில்லை. மாவட்டத்தில் ஒவ்வொரு கல்லூரியும் ஆடியில் ஒரு நாள், ஐப்பசியில் ஒரு நாள் மாணவர்களைக் காட்டோரம் அழைத்துப்போகட்டும். இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்டில் 1868-இல் உள்ளூர் ஆர்வலர்கள் சிலர் இப்படித்தான் காளான் தேடும் நடையைத் தொடங்கினார்கள். கிடைத்ததைக் காகித உறையில் காயவைத்து, மரம், இடம், தேதி எழுதி வைக்கட்டும். பிளாஸ்டிக் பை வேண்டாம், அழுகிவிடும். வேளாண் அலுவலகத்தில் மேஜைக்கொரு கைலென்ஸ் இருக்கட்டும். பஞ்சாயத்துகளின் பல்லுயிர்ப் பதிவேட்டில் பூஞ்சைக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கட்டும். அங்குள்ள சனம் சொல்லும் பெயரையும் அதில் எழுதட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. அடுத்த மழை ஓய்ந்ததும் உங்கள் வீட்டுப் பின்பக்கக் குப்பையில் கிடக்கும் காய்ந்த கம்பைத் திருப்பிப் பாருங்கள். கிண்ணம் இருந்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள். எந்த மரம், எந்தப் பக்கம், என்ன நிறம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் கல்லூரி இருந்தால் கொண்டுபோய்க் கொடுத்து, 'இது என்னதுன்னு சொல்லுங்கோ சார்' என்று கேளுங்கள். தெரியாது என்றால் பரவாயில்லை, அது நேர்மையான பதில். 'ஏதோ பூஞ்சை' என்றால் மட்டும் விடாதீர்கள். மறுநாளும் போய் நில்லுங்கள்.